செயலாளரின் ஆண்டறிக்கை: டான்-ஏரும் நம் நாட்டுக் காமெட்டுகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவையும் சந்தா நிலவரத்தையும் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு நம் மன்றம் எதைப் படித்தது என்பதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானப்படி, டான்-ஏர் என்ற பிரிட்டிஷ் வாடகை விமான நிறுவனத்தின் வரலாற்றை மாதக் கூட்டங்களில் தொடராக எடுத்துக்கொண்டோம். "வெள்ளைக்காரன் கம்பெனி நமக்கு எதுக்குத் தம்பி?" என்று மூத்தவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் மலேசியாவின் 9எம் பதிவெண்ணைத் தாங்கிப் பறந்த காமெட் என்ற ஜெட் விமானங்கள் 1969இல் அந்தக் கம்பெனிக்குத்தான் போய்ச் சேர்ந்தன.

டேவிஸ் அண்ட் நியூமன் என்ற கப்பல் தரகு நிறுவனம் 1953இல் ஒரே ஒரு டிசி-3 விமானத்துடன் டான்-ஏரைத் தொடங்கியது. டான் என்ற பெயர், டேவிஸ் அண்ட் நியூமன் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளிலிருந்து வந்தது. பிறகு ஏவ்ரோ யார்க், அம்பாசிடர் என்று மற்றவர்கள் கழித்துவிட்ட விமானங்களாக வாங்கி ஓட்டினார்கள். புது விமானம் வாங்கப் பணமில்லாத நிறுவனம், கைமாறிய விமானத்தை நன்றாகப் பராமரித்தே வளர்ந்தது. ஹாம்ப்ஷயரில் லாஷம் என்ற இடத்தில் இருந்த அவர்களின் பணிமனைதான் அந்த வளர்ச்சிக்கு முதுகெலும்பு என்பது என் கருத்து.

வாடகைப் பறப்பின் கணக்கு எளிது. சுற்றுலா நிறுவனம் விமானத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு, தங்குமிடத்தையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும். இருக்கைகள் நிரம்புவதால் தலைக்கு விழும் கட்டணம் இறங்கும். பிரிட்டனின் ஆலைத் தொழிலாளி குடும்பத்தோடு ஸ்பெயின் கடற்கரைக்குப் போனது இப்படித்தான். அதே காலத்தில் நம் பெரியவர்கள் ஊருக்குப் போக ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக் கடலைக் கடந்தார்கள். தோட்டத்தில் விமானம் ஏறியவர் என்றால் அது துரைதான். இதைப் பேசிய மாலையில், நாகப்பட்டினம் போய்வந்த கதைகளைச் சொல்ல ஆரம்பித்த பாட்டிமார்களை யாரும் நிறுத்தவில்லை. அந்தக் கூட்டம்தான் இவ்வாண்டின் சிறந்த கூட்டம்.

1966இல் பிரிட்டனின் அரசு விமான நிறுவனமான பிஓஏசியின் காமெட் 4 விமானங்களை டான்-ஏர் வாங்கத் தொடங்கியது. போயிங் 707 வந்த பிறகு பெரிய நிறுவனங்களுக்குக் காமெட் வேண்டாததாகிவிட்டது. அதனால் மலிவாகக் கிடைத்தது. இறக்கையின் அடியோடு புதைந்த நான்கு ரோல்ஸ்-ராய்ஸ் ஏவான் இயந்திரங்கள் எண்ணெயை அள்ளிக் குடிக்கும். இருக்கைகளை நெருக்கிப் போட்டு நூறு பேருக்கு மேல் ஏற்றி அந்தச் செலவை ஈடுகட்டினார்கள். மொத்தம் 49 காமெட்டுகளை வாங்கினார்கள். சில பறக்கவே இல்லை. உதிரிப் பாகங்களுக்காகப் பிரிக்கப்பட்டன.

இனி நம் விமானத்துக்கு வருகிறேன். ஜி-ஏபிடிபி என்ற பதிவெண் கொண்ட காமெட், 1958 அக்டோபர் 4 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பயணிகளை ஏற்றிவந்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டிய ஜெட் பயணிகள் சேவை அன்றுதான் தொடங்கியது. எதிர்த்திசையில் ஜி-ஏபிடிசி பறந்தது. அதே ஜி-ஏபிடிபி 1965இல் மலேசியன் ஏர்வேய்ஸ் கைக்கு வந்து 9எம்-ஏஓபி ஆனது. 1969இல் டான்-ஏருக்குப் போய்ப் பழைய எழுத்துகளையே மீண்டும் பெற்றது. 1974இல் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்ட் அருங்காட்சியகத்துக்குப் பறந்து போய், இன்றும் அங்கே நிற்கிறது. இப்போது அதன்மேல் இருப்பது பிஓஏசி வண்ணம். அது நம் நாட்டில் உழைத்த ஆண்டுகளை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

துயரத்தையும் மறைக்காமல் படித்தோம். 1970 ஜூலையில் பார்சலோனா அருகே மலையில் மோதிய காமெட்டில் 112 பேரும், 1980இல் ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் மோதிய போயிங் 727இல் 146 பேரும் மாண்டார்கள். இரண்டுமே விடுமுறைக்குப் புறப்பட்ட குடும்பங்கள் நிறைந்த விமானங்கள்.

1973இல் எண்ணெய் விலை ஏறியது காமெட்டின் ஆயுளைக் குறைத்தது. 1980 நவம்பர் 9 அன்று, விமான ஆர்வலர்களை ஏற்றிக்கொண்டு லண்டனின் கேட்விக் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டதே டான்-ஏர் காமெட்டின் கடைசிப் பயணிகள் பறப்பு. பிரிட்டனில் போயிங் 727ஐ முதலில் ஓட்டியதும், 1983இல் பிஏஇ 146 என்ற ஜெட் விமானத்தை உலகிலேயே முதலில் சேவையில் இறக்கியதும் இவர்கள்தான். ஆனால் 707, 727, 737, பிஏசி 1-11, 748, 146 என்று வகைகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றுக்கும் தனி உதிரிப் பாகம், தனிப் பயிற்சி என்று செலவும் ஏறியது. போட்டி நிறுவனங்களுக்குச் சொந்தச் சுற்றுலா நிறுவனம் இருந்தது, இவர்களுக்கு இல்லை. 1992இல் பெயரளவுக்கு ஒரே ஒரு பிரிட்டிஷ் பவுண்டு விலையில் பிரிட்டிஷ் ஏர்வேய்ஸிடம் போனது. வகைகளைக் குறைத்திருந்தால் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

நூலகத்துக்கு விமானப் படத்தொகுப்புகளை உபயம் செய்தவர்களுக்கும், கூட்டந்தோறும் பசியாறலுக்கு ஏற்பாடு செய்த மகளிர் பிரிவுக்கும், வகுப்பறை தந்த தமிழ்ப்பள்ளிக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நம் நாட்டுப் பறப்பையே எடுத்துக்கொள்ளலாம் என்று செயலவை பரிந்துரைக்கிறது. 1947இல் ஈப்போவுக்கும் வந்துபோன மலாயன் ஏர்வேய்ஸின் சிறிய கான்சல் விமானத்தில் தொடங்கி, தியோமான், பங்கோர் தீவுகளுக்குப் பறந்த பெர்ஜாயா ஏரின் டேஷ் 7 வரை போகலாம். இந்தப் பரிந்துரையையும் இவ்வறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்