பில் போடும் மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளுக்கு

கடலூரிலும் புதுச்சேரியிலும் உட்கார்ந்து கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு வணக்கம்.

நான் கடலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன். நீங்கள் எழுதியது ஓடாவிட்டால் கடைக்காரர் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்.

போன மாதம் முதுநகரில் ஒரு ஹார்டுவேர் கடை. காலையில் அப்டேட் கேட்டிருக்கிறது, கடைக்கார அம்மா 'சரி' கொடுத்துவிட்டார். அதோடு பில் போடும் திரை வரவில்லை. 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்' என்று தொடங்கும் டிஎல்எல் (மென்பொருள் ஓடத் தேவையான ஒரு விண்டோஸ் கோப்பு) காணோம் என ஒரு சின்னப் பெட்டி மட்டும் வந்தது. "வைரஸா தம்பி?" என்று பதறினார்.

வைரஸ் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 7. பில் மென்பொருள் எழுதிய பைத்தான் என்ற நிரல்மொழியில், அதில் ஓடும் கடைசிப் பதிப்பு 3.8. 2020 அக்டோபரில் வந்த 3.9-க்கு விண்டோஸ் 8.1-ஆவது வேண்டும். எழுதியவர் புது பைத்தானுக்கு மாறிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்த அப்டேட், இது எந்த விண்டோஸ் என்று பார்க்காமலே பழைய கோப்புகளை அழித்துவிட்டது. பழைய இன்ஸ்டாலர் அவர்கள் தளத்திலும் இல்லை. வேறொரு கடைக்குப் போட்டுக் கொடுத்த பென் டிரைவில் அகப்பட்டது. அதுவரை, மதியம் மூன்று மணிவரைக்கும், அந்த அம்மா கார்பன் வைத்துக் கையால் பில் எழுதினார்.

'புதுசு வாங்கச் சொல்லுங்களேன்' என்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் கேபிள் செருகும் இடம்) இருக்கிறது, அதில்தான் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ஒரே அடியில் மூன்று காப்பி விழும். இப்போது கடையில் கிடைக்கும் கம்ப்யூட்டர்களில் அந்தப் போர்ட்டைத் தேடத்தான் வேண்டும். உப்புக்காற்றில் கறுத்துப்போகும் ரேமை (நினைவக அட்டையை) அவ்வப்போது கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போடுகிறேன். இரண்டு ஜிபிதான், ஓடுகிறது.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு முடிந்தது எனக்கும் தெரியும். அதில் இணையம் பார்க்கச் சொல்ல மாட்டேன். நெட் கேபிளை அன்றைக்கே பிடுங்கியிருக்க வேண்டும், அது என் தப்பு. இப்போது பிடுங்கிவிட்டேன். பில் போட நெட் எதற்கு?

காலம் முழுக்கப் பழையதையே தாங்குங்கள் என்று கேட்கவில்லை, உங்களுக்கும் அது வேலைதான். அப்டேட் முதலில் விண்டோஸ் பதிப்பைப் பார்க்கட்டும். ஒத்துவராவிட்டால் இருப்பதில் கைவைக்காமல், தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டு விலகட்டும். கடைசியாக ஓடிய இன்ஸ்டாலரைத் தளத்திலேயே விட்டு வையுங்கள். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. அடுத்து எனக்கு வரப்போகும் போன்கள் அந்தக் கடைகளிலிருந்துதான்.

அப்புறம், சோதித்துப் பார்க்கப் பழைய மெஷின் இல்லை என்றால் என் கடை மூலையில் ஒன்று கிடக்கிறது. ஞாயிறு தவிர என்றைக்கு வேண்டுமானாலும் வாருங்கள், பூட் ஆகி முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.