போதைத் தடுப்பு: பேரணி போதாது, பீரியட் வேண்டும்

ஆசிரியருக்கு,

உலகப் போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் பிள்ளைகள் பதாகையோடு நடக்கிறார்கள், உறுதிமொழி எடுக்கிறார்கள். மறுநாள் யாருக்கும் நினைவில்லை. மேடையில் மிரட்டும் படம் காட்டுவதும், திருந்தியவரை அழைத்துப் பேசவைப்பதும் பலன் தராது, சில சமயம் வினையாகவும் முடியும் என்று ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் 2018 நெறிமுறைகளே சொல்கின்றன. மாத்திரையின் பெயரையும் விலையையும் மைக்கில் சொன்னால், தெரியாத பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

வேண்டியது வாரம் ஒரு பீரியட், பத்துப் பதினைந்து வாரத்துக்கு. அடுத்த ஆண்டு நினைவூட்ட மூன்று நான்கு. ஏழாம் வகுப்பிலேயே தொடங்கிவிட வேண்டும், பத்தாவதில் பொதுத்தேர்வு அந்தப் பீரியடை விழுங்கிவிடும். ஐந்தாறு பேராகப் பிரித்து, "ஒரு தடவ வெச்சுப் பாருடா, ஒண்ணும் ஆகாது" என்று ஒருவன் வற்புறுத்த, அடுத்தவன் மறுத்துப் பழக வேண்டும். பிரசங்கம் தேவையில்லை; "வேணாம்டா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" போதும். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். இருவர் நடிக்க மற்றவர்கள் சிரித்தால் அது ஆண்டுவிழா நாடகம்.

"எல்லாரும் போடுறாங்க" என்ற நினைப்பை உடைக்கப் பெயரில்லாச் சீட்டு உதவும். வகுப்பில் எத்தனை பேர் போடுவதாக நினைக்கிறாய், நீ போடுகிறாயா என்று இரண்டே கேள்வி. கையெழுத்து தெரியாதபடி டிக் மட்டும். நினைப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள இடைவெளியைப் பலகையில் எழுதலாம். நிஜமே அதிகமாக இருந்தால் வாசிக்கக் கூடாது, அது விளம்பரமாகிவிடும்.

கூல் லிப் (உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம்), கஞ்சா பற்றியே பேசுகிறோம். வொயிட்னர், தின்னர், பஞ்சர் பசையை மறந்துவிடுகிறோம். 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்தது இந்த முகரும் பொருட்கள் மட்டுமே: சிறுவர்களிடம் 1.17 சதவீதம், பெரியவர்களிடம் 0.58.

அடுத்தது கடை. பள்ளியைச் சுற்றிப் புகையிலை விற்கத் தடையுள்ள 100 கஜம் (சுமார் 91 மீட்டர்) என்பதைக் கேட்டிலிருந்து சாலை வழியே அளக்கிறார்கள். விதிப்படி சுற்றுச்சுவரின் வெளிப்புறத்திலிருந்து நாலாபக்கமும் நேர்கோட்டில் அளக்க வேண்டும். பின்சந்துப் பெட்டிக்கடை இப்படித்தான் தப்புகிறது. அதிலும் அபராதம் 200 ரூபாய் வரைதான். சிறுவனுக்கே விற்றிருந்தால் புகாரில் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள்: ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம்.

பொட்டலத்தோடு பிடிபட்டவனுக்கு டி.சி. கொடுத்தால், அவனுக்கு மிஞ்சுவது அந்தக் கூட்டாளிகள்தான். தனியே பேசுங்கள், பெற்றோரை வகுப்பின் முன் நிறுத்தாதீர்கள், போதை மீட்பு உதவி எண் 14446இல் ஆலோசனை கேளுங்கள். வருகைப் பதிவேட்டை வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்தால், மதிப்பெண் சரிவதற்கு முன்பே மதியத்துக்குப் பின் காணாமல் போகும் பையன் கண்ணில் படுவான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்