ஜப்பான்காரன் வந்த நாள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா அனுப்பும் பயற்றம் பணியாரப் பார்சலுக்குள் இதையும் மடித்து வைக்கிறேன். எண்ணெய்க் கறை பட்டிருந்தால் கோபிக்காதே. வருஷப் பிறப்புக்கு ஐந்து நாள் முந்திப் பிறந்தவள் நீ. உனக்குக் கேக்குக்கு முன்னமே பணியாரம் வந்துவிடும்.

போன கிழமை போனில் உன் பிறந்தநாளில் நடந்தவற்றை வாசித்துக் காட்டினாய். 1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதி லீ சரணடைந்தது, 1940-இல் ஜெர்மனி டென்மார்க்குக்குள் புகுந்தது, 2003-இல் பாக்தாத்தில் சதாம் சிலையை விழுத்தியது. எல்லாம் சரி. ஆனால் எங்கள் திருகோணமலை அதில் இல்லை என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. நாலு நாள் முந்தி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் குண்டு போட்ட அதே ஜப்பானியக் கப்பற்படைதான் அன்று திருகோணமலைக்கும் வந்தது. பேர்ள் ஹார்பரைத் தாக்கிய நகுமோ அதன் தளபதி. காலை ஏழு மணியளவில் விமானங்கள் துறைமுகத்துக்கும் சீனக்குடாவுக்கும் மேலே வந்துவிட்டன. அப்பம்மாவுக்கு அப்போது எட்டு வயது. குண்டைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை, புட்டுப் பானையைப் பற்றித்தான் சொல்வார். அடுப்பில் குழலோடு வைத்தபடியே எல்லோரும் நிலாவெளிப் பக்கம் ஓடினார்களாம். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் வற்றிப் பானை வெடித்திருந்தது, புட்டு மட்டும் குழலுக்குள் கல்லாய் இறுகி அப்படியே இருந்தது.

சீனக்குடாவில் ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் விழுந்து, அது நாள்கணக்கில் எரிந்தது. அந்தத் தாங்கி வளாகத்தைத்தான் இப்போது 99 தாங்கிகள் என்கிறோம். ஒருமுறை தெரிந்தவர் ஒருவரோடு போய்ப் பார்த்தேன். அவ்வளவு தடித்த இரும்புத் தகடு, வாடிய வாழையிலை மாதிரி மடிந்து கிடந்தது.

எனக்கு மனம் நிற்பது ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலில். விமானம் தாங்கிக் கப்பலாகவே முதலிலிருந்து வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் அதுதான். தாக்குதல் வரப்போவது முன்கூட்டியே தெரிந்ததால், துறைமுகத்தில் நிற்க வேண்டாம் என்று முதல்நாளே கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். ஹெர்மிஸின் விமானங்களோ கரையில் நின்றுவிட்டன. வெறும் தளத்தோடு போன கப்பலை மட்டக்களப்புக்கு வெளியே கண்டுபிடித்து, முற்பகலிலேயே மூழ்கடித்துவிட்டார்கள். 307 பேர் போனார்கள். கூடப் போன ஆஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் தாண்டது. அவ்வழியே வந்த வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் சுமார் 600 பேரைத் தூக்கி எடுத்தது. துறைமுகத்திலேயே நின்றிருந்தால் தப்பியிருக்குமா என்பது தேத்தண்ணிக் கடைக் கேள்வி. நானும் கேட்டிருக்கிறேன், ஒருவரும் மற்றவரை ஒப்புக்கொள்ள வைத்ததில்லை.

அதே நாளில்தான் பிலிப்பைன்ஸின் படானில் அமெரிக்க, பிலிப்பைன்ஸ் படையினர் 75,000 பேரளவில் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். அந்தச் செய்திக்குள் எங்கள் ஊர் அமுங்கிப்போனதோ என்னவோ.

நீ பிறந்த அன்று அப்பம்மா கலண்டரைப் பார்த்துவிட்டு, "ஜப்பான்காரன் வந்த நாளிலையோ? அப்ப சத்தம் கூடத்தான் இருக்கும்" என்றார். அன்றிரவு நீ ஒருவரையும் தூங்கவிடவில்லை.

பார்சல் கிடைத்ததும் ஒரு கோல் எடு. டின் மூடி கொஞ்சம் இறுக்கம், கரண்டிக் காம்பால் நெம்பு.

அன்புடன்,
அப்பா