செயலாளர் ஆண்டறிக்கை: 2024–2025
மகளிர் சுய உதவிக் குழுக்கள், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஊக்குநர்கள், பிரதிநிதிகள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நடவு சமயத்தில் மட்டும் வருகை குறைவு. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் கடனைப் பற்றிச் சொல்கிறேன்.

விண்ணப்பத்தில் 'கறவை மாடு' என்று எழுதி வாங்கிய கடன்களில் பல, காலேஜ் பீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பழைய கந்துவட்டி பாக்கிக்கும் போயிருக்கின்றன. வங்கியில் இதைக் குறையாகச் சொன்னார்கள். செயற்குழு அப்படிப் பார்க்கவில்லை. மூணு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூணு ரூபாய்க்கு, வாங்கிய 10,000 ரூபாய்க்கு வருஷம் 3,600 ரூபாய் வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். குழுக் கடன் வாங்கி அதை அடைத்துவிட்டால், 7 சதவீதத்தில் வட்டி 700 ரூபாயைத் தாண்டாது. மிஞ்சுகிற 2,900 ரூபாய் மாடு வாங்காமலே வீட்டுக்கு வந்த வருமானம்தானே? இனி பதிவேட்டில் உண்மையான செலவையே எழுதலாம் என்று தீர்மானித்திருக்கிறோம்.

ஹைதராபாத்தில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் நடத்திய ஆய்வைப் பற்றிப் பயிற்சி முகாமில் சொன்னார்கள். ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கும் மைக்ரோ பைனான்ஸ் வந்த பகுதிகளில் சிலர் தொழிலைப் பெருக்கினார்கள், வீட்டுக்குச் சாமான் வாங்கினார்கள். ஆனால் பிள்ளைகள் படிப்பிலோ வீட்டில் பெண்கள் பேச்சு எடுபடுவதிலோ பெரிய மாற்றம் இல்லையாம். கேட்டதும் சிலருக்கு முகம் வாடிவிட்டது. அங்கே ஆராய்ந்தது கடன் மட்டும் கொடுக்கும் கம்பெனியை. நமக்குச் சேமிப்பும் இருக்கிறது, அவசரத்துக்கு அந்தச் சேமிப்பிலிருந்தே கொடுக்கும் உள்கடனும் இருக்கிறது. ராத்திரியில் பிரசவ வலி வந்தால் உதவுவது அந்த உள்கடன்தான். இந்த ஆண்டு உள்கடனில் நிலுவை மிகக் குறைவு.

கவலை வேறு இடத்தில். ஒரே வீட்டில் இரண்டு மூன்று கம்பெனிகளின் வாரத் தவணை ஓடுகிறது. ஒன்றை அடைக்க இன்னொன்று. 2010-ல் ஆந்திரத்தில் இது முற்றித்தான் அந்தக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த அரசு அவசரச் சட்டம் போட்டது. மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து வீட்டு வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி கொண்டுவந்தது. வருமானத்தைக் கூட்டிச் சொல்லிக் கடன் வாங்கினால் அந்த விதி யாரைக் காக்கும்? வெளிக்கடன் விவரத்தைக் குழுவில் சொன்ன பிறகே புதுக் கடனுக்குப் பரிந்துரை என்ற தீர்மானம் இன்று ஓட்டுக்கு வருகிறது. எதிர்ப்பு இருப்பது தெரியும், பேசி முடிவெடுப்போம்.

தணிக்கை அறிக்கை நகல் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது.

செயலாளர்