பெயரை மட்டும் மறைத்தால் போதுமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வழக்கில் சிக்கிக் கூர்நோக்கு இல்லத்திலிருந்து திரும்பிய சிறுவனைப் பள்ளியில் சேர்த்ததற்கு மற்ற மாணவர்களின் பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்த செய்தியில், பையனின் பெயரை நீங்கள் போடவில்லை. ஆனால் ஊர், பள்ளி, வகுப்பு, அப்பா என்ன வண்டி ஓட்டுகிறார் என்பதுவரை போட்டிருக்கிறீர்கள். அந்த ஊரில் இதற்குமேல் பெயர் எதற்கு?

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தங்களுக்குத் தெரியாததல்ல. வழக்கில் சிக்கிய சிறாரின் பெயர், முகவரி, பள்ளி மட்டுமல்ல, ஆளை அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் முடிந்துவிட்டாலும், நன்னடத்தைச் சான்று கேட்டு வந்தால்கூட காவல்துறை அந்தப் பதிவை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்கிறது அதே பிரிவு. போலீசே வாய் திறக்கக் கூடாததை உங்கள் நிருபர் ஊருக்கே சொல்லிவிட்டார்.

'இளம் குற்றவாளி' என்ற சொல்லையும் நீங்கள் விடுவதில்லை. கூர்நோக்கு இல்லம் என்பது விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம். குற்றம் செய்தான் என்று, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் முடிவு செய்தபின் அனுப்புவது சிறப்பு இல்லத்துக்கு. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதினால், முடிவாகாத வழக்குக்கு நீங்களே தீர்ப்புச் சொன்னதாகிறது.

திரும்பி வரும் பையனுக்குப் பள்ளிக்குள் நுழைவதே பெரும்பாடு. மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் இணையதளத்தில், பள்ளி மாறுவோருக்கான பொதுத் தொகுப்புக்குப் பழைய பள்ளி அவனை விடுவிக்காதவரை புதிய பள்ளி அவனைப் பதிவேற்ற முடியாது. பதிவில் இல்லாதவன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியலிலும் இருக்க மாட்டான். டிசி வரவில்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, ஆனால் அது 14 வயதுவரைதான். இல்லங்களிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோர் 16-ஐத் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் தலைமையாசிரியரின் நல்ல மனசுதான் பிடிப்பு. நவம்பரில் வெளியே வருபவனுக்கு வருகைப்பதிவும் போதாது. தனித்தேர்வராக எழுது என்பார்கள், வீட்டில் உட்கார்ந்து அவன் படிக்கப்போவதில்லை.

இதற்கெல்லாம் ஒரே வழி, பையன் இல்லத்தில் இருக்கும்போதே, அவனைக் கண்காணித்து உதவும் நன்னடத்தை அலுவலர் பள்ளியோடு பேசி எமிஸ் வேலையை முடிப்பது. தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் அறிந்தால் போதும். அலுவலர் பள்ளிக்குப் போகும்போது போலீஸ் ஜீப்பில் போகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் செய்தி இப்படி ஓசையில்லாமல் நடந்த ஒரு சேர்க்கையைத்தான் கெடுத்திருக்கிறது.

அச்சில் வந்ததைத் திரும்பப் பெற முடியாது. இணையப் பதிப்பிலிருந்தாவது பள்ளி, வகுப்பு, அப்பாவின் தொழில் மூன்றையும் இன்றே நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறார் நன்னடத்தைப் பணியில் இருந்த ஒரு வாசகர்,
விழுப்புரம்