காற்றாலை நிறுத்தங்களை 'கிரிட் பழுது' எனக் கணக்கிட்டது குறித்த புகார்

அனுப்புநர்: நிர்வாகப் பங்குதாரர், நூற்பாலை, காரைக்குடி.

பெறுநர்: மேலாளர், காற்றாலைப் பராமரிப்பு நிறுவனம்.

ஐயா,

வணக்கம். கயத்தாறு பகுதியில் 2016 முதல் இயங்கும் எங்கள் காற்றாலை, வருடச் சம்பாத்தியமே அடங்கிய காற்றுப் பருவமான கடந்த ஆடியில் 7 முறை நின்றது. ஒவ்வொரு முறையும் அதை 'கிரிட் பழுது', அதாவது இயந்திரத்துக்கு வெளியே மின்தொடரில் நேர்ந்த கோளாறு என்று தங்கள் மாத அறிக்கை எழுதியதால், ஒப்பந்தத்தில் உறுதியளித்த 95 சதவீத இயக்க நேரம் காகிதத்தில் குறையவே இல்லை. பற்றில் எழுத வேண்டியதை வேறொருவர் பெயரில் எழுதினால் ஐந்தொகை ஒத்துவராது என்பது எங்கள் பக்கத்தில் பெட்டியடிப் பையனுக்கும் தெரியும்.

பழுது முதலில் மின்தொடரின் லைனில் ஏற்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இயந்திரத்தின் பதிவேட்டின்படி, 7 முறையும் மின்னழுத்தம் இயல்பளவில் 38 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல், 120 மில்லி விநாடிக்குள் மீண்டுவிட்டது. மத்திய மின்சார ஆணையம் 2013இல் திருத்திய விதிகளின்படி, 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் இணைந்த புதிய காற்றாலைகள், அழுத்தம் 15 சதவீதமாக வீழ்ந்தாலும் 300 மில்லி விநாடி வரை விலகாமல் நிற்க வேண்டும். எங்களுடையது 110 கிலோவோல்ட்டில் இணைந்தது. எங்கோ விழுந்த பழுதுக்குக் காற்றாலைகள் எல்லாம் ஒருசேரக் கழன்றுகொண்டால், பழுது நீங்கிய பிறகும் மின்தொடர் எழ முடியாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28 அன்று, அழுத்தம் அடுத்தடுத்துத் தாழ்ந்தபோது காற்றாலைகளின் பாதுகாப்பு அமைப்பே 456 மெகாவாட்டைச் சில விநாடிகளில் குறைத்துவிட, மாநிலமே இருண்டது.

"குரோபார் வேலை செய்தது, அது இயல்புதான்" என்று தங்கள் பொறியாளர் தொலைபேசியில் சொன்னார். ஜெனரேட்டரைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியான கன்வர்ட்டரைக் காக்க, ரோட்டார் (சுழலும் பாகம்) சுருள்களைக் குறுக்கிணைப்பதுதான் அதன் வேலை. ஆனால் அது நீடிக்கும்வரை இயந்திரம் கன்வர்ட்டரின் கட்டுப்பாடில்லாத சாதாரண இன்டக்‌ஷன் ஜெனரேட்டராகி, ஏற்கெனவே தளர்ந்த மின்தொடரிலிருந்தே, அழுத்தத்தைத் தாங்க உதவும் ரியாக்டிவ் பவரை உறிஞ்சும். ஆகவே அது உடனே விடுபட்டு, கட்டுப்பாடு கன்வர்ட்டருக்குத் திரும்ப வேண்டும். எங்கள் இயந்திரத்தில் அப்படி நடக்கவில்லை. போதாக்குறைக்கு, 4 நிறுத்தங்களில் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் தடைபடாமல் காக்கும் யுபிஎஸ் பேட்டரியின் எச்சரிக்கை முதலில் பதிவாகியிருக்கிறது. அந்த பேட்டரியை மாற்றக் கோரிச் சித்திரையிலேயே கடிதம் எழுதியிருந்தேன்.

எனவே பேட்டரியை மாற்றி, குரோபாரையும், அழுத்தம் குறைந்தால் இயந்திரத்தை விலக்கும் குறை அழுத்த ரிலேயின் அமைப்புகளையும் சோதித்து, அந்த அளவுகளை எழுத்தில் தருவதோடு, 7 நிறுத்தங்களையும் இயந்திரப் பழுதாகத் திருத்தி, ஒப்பந்தப்படியான இழப்பீட்டை 15 நாட்களுக்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிவேட்டின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
நிர்வாகப் பங்குதாரர்