பெர்லின் ரயில் நிலையத்துக் கல் ஹிட்லர் மாளிகையினது அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் வந்த பெர்லின் பயணக் கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது, ஒரு வரியைத் தவிர. மோரன்ஸ்ட்ராசே சுரங்க ரயில் நிலையத்தின் சுவரிலும் தூண்களிலும் பதித்திருக்கும் சிவப்பு மார்பிள், ஹிட்லரின் அரசு மாளிகையை இடித்து எடுத்த கல் என்று எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. கட்டுரையாளரைக் குறை சொல்ல மாட்டேன். பெர்லினிலேயே பல வருஷமாக வழிகாட்டிகளும் புத்தகங்களும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. என் மகனும் இதே கதையைச் சொல்லித்தான் என்னை அங்கே கூட்டிப்போனான்.

நான் கிருஷ்ணகிரி பக்கம் முப்பத்தோரு வருஷம் கிரானைட் பட்டறை வைத்திருந்தவன். கல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. 2024 ஜூனில் மகன் வீட்டில் இருந்தபோது அந்த நிலையத்தில் இறங்கி, முதல் தூணிலேயே உள்ளங்கையை வைத்துவிட்டேன். அப்புறம் செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாலிஷைப் பார்த்தேன். “அப்பா, எல்லாரும் பாக்கறாங்க” என்று மகன் நாலடி தள்ளி நின்றுகொண்டான். ஈரல் நிறம். அதற்குள்ளே ஆட்டுக்கறியில் கொழுப்பு ஓடுகிற மாதிரி வெள்ளை நரம்புகள். கிட்டப் போனால் முடிச்சு முடிச்சாகத் தெரிகிறது. மார்பிள் என்பது வியாபாரப் பெயர். கல் என்னவோ சுண்ணாம்புக்கல்தான், பாலிஷ் ஏறும் என்பதால் மார்பிள் ஆகிவிட்டது. (நாங்கள் ‘கறுப்பு கிரானைட்’ என்று விற்றதும் புவியியல் படித்தவர்கள் கணக்கில் கிரானைட் கிடையாது. அதைப் பற்றி இங்கே அதிகம் பேச வேண்டாம்.)

இடித்த கட்டடத்துக் கல் இவ்வளவு ஒழுங்காக இருக்குமா என்ற சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது. குண்டு விழுந்து, தீப்பிடித்து, பிறகு கடப்பாரை போட்டுப் பெயர்த்த பலகை என்றால் மூலைகள் பொரிந்திருக்கும், பழைய கொக்கி ஓட்டைகள் இருக்கும். திரும்ப அறுத்துச் சேர்த்தால் அளவு மாறும். இருந்தாலும் கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதை நான் காசு கொடுத்துக் கற்றவன். ஒரு புரோக்கர், பழைய பங்களாவில் பெயர்த்த இத்தாலி மார்பிள் என்று ஒரு லாரிக் கல்லை என் தலையில் கட்டினார். மேல்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. வாங்கி இறக்கிய பிறகு என் மேஸ்திரி ஒரு பலகையைத் திருப்பிப் போட்டார். பழைய வீட்டுக் கல் என்றால் அடியில் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருக்க வேண்டும். அங்கே புது ரம்ப வரிதான் இருந்தது. “கல்லோட மூஞ்சியப் பாக்காதீங்க மொதலாளி, முதுகப் பாருங்க” என்றார்.

ரயில் நிலையத்துச் சுவரைத் திருப்பிப் பார்க்க முடியாது. அதற்கு முதுகு என்றால் காகிதம்தான். அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1950இல் ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்துக் குவாரிகளில் புதிதாக வெட்டி வந்த கல் இது என்று அந்தக் காலத்து ஆவணங்கள் சொல்கின்றன. கல்லை ஆராய்ந்தவர்களும் அதையே சொல்கிறார்கள். அதாவது மாளிகைக்கும் இந்தத் தூண்களுக்கும் சம்பந்தமில்லை.

கதை எப்படிப் பிறந்தது என்பது எனக்குப் புரிகிறது. 1908இல் கைசர்ஹோஃப் என்ற பெயரில் திறந்த நிலையம் இது. போரில் நாசமாகி, 1950 ஆகஸ்டில் கிழக்கு பெர்லின் அரசு தேல்மன்பிளாட்ஸ் என்று பெயர் மாற்றித் திறந்தது. பிறகு கிழக்கு ஜெர்மனிப் பிரதமராக இருந்த ஓட்டோ குரோட்டவோல் பெயர், பிரிவினைச் சுவர் விழுந்த பிறகு மோரன்ஸ்ட்ராசே. ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பேர் கட்டி 1939 ஜனவரியில் முடித்த புதிய அரசு மாளிகை பக்கத்திலேயே ஃபோஸ்ட்ராசே தெருவில் நின்றது. அதன் மார்பிள் கூடம் மட்டும் 146 மீட்டர் நீளம், வெர்சாய் அரண்மனைக் கண்ணாடிக் கூடத்தைப் போல் இரண்டு பங்கு. (ஒரே வருஷத்தில் கட்டினார்கள் என்பதும் ஊதிவிட்ட கதை. நிலம் வாங்குவதும் வரைபடமும் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன.) 1949இல் அந்த இடிபாட்டைத் தகர்க்கத் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் பக்கத்தில் சிவப்புக் கல்லோடு ரயில் நிலையம் பளபளக்கிறது. பக்கத்து வீட்டை இடிக்கும்போது நம் வீட்டுத் திண்ணையில் புதுக் கல் வந்தால் தெரு சும்மா இருக்குமா? ட்ரெப்டோ பூங்காவின் சோவியத் நினைவிடத்தையும் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் முன்கூடத்தையும் பற்றிக்கூட இதே பேச்சு உண்டு.

மாளிகையிலிருந்து நிஜமாகவே வெளியே போனவை வேறு. யோசஃப் தோராக் என்ற சிற்பி வடித்த இரண்டு வெண்கலக் குதிரைகள் தோட்டப் பக்கம், ஹிட்லரின் அறைக்கு முன்னே நின்றன. மூன்று மீட்டருக்கு மேல் உயரம். குண்டுவீச்சுக்குப் பயந்து போர்க்காலத்திலேயே அவற்றை நகருக்குக் கிழக்கே கொண்டுபோனார்கள். போருக்குப் பிறகு எபர்ஸ்வால்டே ஊரில் செஞ்சேனைப் படைமுகாமின் விளையாட்டு மைதானத்தில் பல வருஷம் நின்றன, பொன்னிறப் பெயின்ட் பூசிக்கொண்டு. ராணுவ வீரர்கள் பக்கத்தில் பந்தாடினார்கள், குதிரைகள் யாருடையவை என்று கேட்க ஆளில்லை. 1989இல் கலை வரலாற்று ஆய்வாளர் ஒருவர் அடையாளம் கண்டு பத்திரிகையில் எழுதினார். கொஞ்ச காலத்தில் இரண்டும் மாயம். இவ்வளவு கனமுள்ள வெண்கலம் காணாமல் போகிறது என்றால் கிரேனும் லாரியும் வந்திருக்க வேண்டும், சீல் வைத்த காகிதமும் யாரோ காட்டியிருக்க வேண்டும். இருபத்தாறு வருஷம் கழித்து, 2015 மே மாதம், தென்மேற்கு ஜெர்மனியின் பாட் டுர்க்ஹைம் ஊரில் ஒரு கிடங்கைப் போலீஸ் சோதனை போட்டபோது அங்கே இருந்தன. வழக்கு இழுத்து, 2021இல் சமரசமாகி அரசின் கைக்கு வந்தன. இப்போது பெர்லினின் ஸ்பாண்டாவ் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கின்றன.

அங்கேயும் போனேன். உண்மையைச் சொன்னால் குதிரைகள் எனக்குப் பிடிக்கவில்லை. நரம்பும் சதையும் புடைக்கப் புடைக்க, உடற்பயிற்சிக் கூட விளம்பரம் மாதிரி. அதே கோட்டையில் லெனின் தலை ஒன்று பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது. 1991இல் சிலையை அறுத்துக் காட்டில் புதைத்து, 2015இல் தோண்டி எடுத்தார்களாம். மூன்றரை டன் சிவப்பு கிரானைட். என்னை அங்கிருந்து நகர்த்த மகன் படாத பாடு பட்டான்.

பெர்லினிலுள்ள ஜெர்மன் வரலாற்று அருங்காட்சியகத்திடம் ‘ஹிட்லரின் உலக உருண்டை’ என்று ஒன்று இருக்கிறது. ஆள் உயரத்துக்கு இருக்கிறது. ஜெர்மனி இருக்கும் இடத்தில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டை. பார்த்ததும் கதை நம் மனசில் தானாக ஓடும், அதுதான் ஆபத்து. கொலம்பஸ் என்ற கம்பெனி இந்தப் பெரிய உருண்டைகளைத் தலைவர்களுக்கும் தொழிலதிபர்களுக்கும் என்றே செய்து விற்றது. ஹிட்லருக்கென்று செய்த ஒற்றை உருண்டை அல்ல அது. ஆல்ப்ஸ் மலை வீட்டில் ஓர் அமெரிக்க வீரர் எடுத்துப்போன சின்ன மேசை உருண்டை 2007இல் ஒரு லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஹிட்லர் பெயர் ஒட்டாவிட்டால் அதற்கு என்ன விலை கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதனால்தான் ஒரு வரிக்கு இவ்வளவு நீளக் கடிதம். ‘ஹிட்லர் கல்’ என்றால் துண்டு வாங்கவும் ஆள் வரும், விற்கவும் ஆள் வரும். எங்கள் பட்டறையில் பிளாக் வந்து இறங்கும்போதே குவாரி எண்ணைப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். அந்த எண் அழிந்த கல்லை நான் எந்தக் குவாரிப் பெயரிலும் விற்றதில்லை.

பெரிய விளக்கம் எல்லாம் வேண்டாம். அடுத்த ஞாயிறு ஒரு மூலையில் திருத்தம் போட்டால் போதும். ‘ஹிட்லர் மாளிகையின் மார்பிள்’ என்ற இடத்தில் ‘துரிங்கியா சுண்ணாம்புக்கல், 1950’ என்று.

இப்படிக்கு,
கிரானைட் பட்டறை நடத்தி ஓய்ந்த வாசகர்,
கிருஷ்ணகிரி.